பௌர்ணமிக்குப் பௌர்ணமி மாறிய கூப்பாடு

ஒரு காட்டில் மான்களும் மந்திகளும் ஆள்காட்டிக் குருவிகளும் மரங்கொத்திகளும் இருந்தன. கிட்ட நின்றால் எல்லாரும் பேசிக்கொள்வார்கள். தூரத்துக்குப் பேச்சு எட்டுமா? எட்டாது. அதற்குக் கூப்பாடுதான். புலி வந்தால் ஒரு கூப்பாடு, பாம்பு வந்தால் இன்னொரு கூப்பாடு.

முன்பெல்லாம் மந்தி கத்தினால் மானும் ஓடித் தப்பிக்கும். அதுதான் வினையாயிற்று. "மரத்தில் உட்கார்ந்து காவல் காப்பது நாங்கள், தப்பிப்பது நீங்களா?" என்று மந்திகள் முறுக்கிக்கொண்டன. ஒரு பௌர்ணமியன்று தங்கள் கூப்பாட்டை மாற்றிவிட்டன. மான்கள் சும்மா இருக்குமா? அவையும் மாற்றின. பறவைகளும் மாற்றின. கடைசியில், பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஒவ்வொரு கூட்டமும் ஒளிந்து நின்று புதுக் கூப்பாடு பழகுவதே வழக்கமாகிவிட்டது. என்ன பெருமையோ, போங்கள்!

இந்த ரகசியம் காப்பதில் எல்லாரையும்விடக் கெட்டி செவலி என்ற பெண்மான். அவளுக்கு ஒரே குட்டி, பெயர் பொட்டு. பொட்டை மேற்கே புல்காட்டில் படுக்கவைத்துவிட்டுத்தான் அவள் குளத்துக்குத் தண்ணீர் குடிக்க வருவாள்.

"என் கூப்பாடு கேட்டால் மட்டும் எழுந்து, சத்தம் வரும் பக்கம் ஓடி வா! வேறு எது கத்தினாலும் காதைக்கூட ஆட்டாதே!" என்று தினமும் சொல்லுவாள். பொட்டும் சொன்ன சொல் தட்டாத பிள்ளை.

அது நல்ல கோடை. செவலி குளத்தில் வாய் வைத்தபோது மந்திகள் மரத்தின் மேலே காட்டுக் கத்தலாகக் கத்தின. 'அத்திப்பழத்துக்குச் சண்டை போலிருக்கிறது' என்று அவள் தண்ணீரைக் குடித்தாள். தூரத்தில் ஆள்காட்டிக் குருவியும் அலறியது. அது என்ன சொல்கிறதென்று யாருக்குத் தெரியும்?

வயிற்றில் குட்டியைக் கட்டிக்கொண்டு ஒரு மந்தி தொப்பென்று தரையில் குதித்தது.

"அடியே செவலி! உனக்குக் காது அடைச்சுப் போச்சா? மேற்கே தீ! புல்காடு பத்திக்கிச்சு!"

செவலி மேற்கே திரும்பினாள். "ஐயோ, என் பொட்டு! நான் கூப்பிடாமல் அது எழுந்திருக்காதே!"

அவள் ஓடப் பார்த்தாள்.

"நீ ஓடிப் போய்ச் சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடும்! எங்க குரல் உன் காலைவிட வேகமா ஓடும். உன் கூப்பாட்டைச் சொல்லு!"

செவலி வாயைத் திறந்தாள், மூடினாள். "சொன்னால் நாளைக்கு நரிக்கும் தெரிந்துவிடுமே! அது கூப்பிட்டாலும் பொட்டு ஓடிவிடுமே!"

"நாளைக்கு நரி வரட்டும். இன்னைக்குத் தீ வந்திருக்குடி!"

செவலி அழுதுகொண்டே சொல்லிவிட்டாள். "ஒரு நீட்டல், பிறகு இரண்டு வெட்டு. அவ்வளவுதான்!"

மந்தி மரமேறிக் கத்தியது. அடுத்த மரம் அதை வாங்கிக் கத்தியது. செவலி கீழே ஓட, கூப்பாடு அவளுக்கு முன்னால் கிளைகளில் ஓடியது. காட்டின் விளிம்பில் மரங்கள் முடிந்தன. அங்கே மந்திகளின் குரல் நின்றுபோயிற்று.

"குருவியே! உன் குரலிலேயே சொல்லு! தாளம் மட்டும் தப்பாதே!" என்று செவலி கதறினாள்.

ஆள்காட்டிக் குருவி ஒரு நீட்டல், இரண்டு வெட்டாகக் கத்திக்கொண்டே புகைக்குள் பறந்தது. கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு கேட்கவில்லை. தீ படபடவென்று வெடிக்கும் சத்தம்தான் கேட்டது. எத்தனை தரம் இந்தக் குருவியின் அலறலை அலட்சியம் செய்திருக்கிறோம் என்று நினைத்து அவள் நெஞ்சு வெந்தது.

அப்போது புல்காட்டை ஒட்டி ஓடும் ஓடைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. புகையில் குரல் அடைத்துப்போன குருவியிடம் தாளத்தை வாங்கி, பட்டமரம் ஒன்றில் மரங்கொத்தி அலகால் அடித்துக்கொண்டிருந்தது. "டர்ர்ர்ர்... டொக், டொக்! டர்ர்ர்ர்... டொக், டொக்!"

செவலி புகையைச் சுற்றி ஓடி ஓடையைத் தாண்டினாள். பட்டமரத்தடியில், வால் நுனி கருகி, வெடவெடத்து நின்றது பொட்டு. மரத்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது.

"அம்மா, நீ மரத்துக்குள்ளேயா இருந்தே?" என்றது.

செவலி அதை நக்கி நக்கியே ஓய்ந்துபோனாள்.

அடுத்த பௌர்ணமியில் எந்தக் கூட்டமும் ஒளியவில்லை. தீக்கு ஒன்று, புலிக்கு ஒன்று, வெள்ளத்துக்கு ஒன்று என்று எல்லாரும் கூடிப் பொதுத் தாளங்கள் வகுத்தார்கள். அவரவர் குரல் அவரவருக்கு, தாளம் மட்டும் எல்லாருக்கும். நரியும் அவற்றைக் கற்றுக்கொண்டது, உண்மைதான். ஆனால் நரி வாலைக் காட்டிய இடத்திலெல்லாம் இப்போது காடே சேர்ந்து கத்தியது!

ஆபத்தைச் சொல்லும் மொழியைத் தனக்கென்று பூட்டி வைப்பவர், தன் பிள்ளைக்கு வரும் உதவியையும் சேர்த்தே பூட்டிவிடுகிறார்.