லட்சம் பேர் பார்த்த பக்கம்

கல்லூரியின் கணினி சர்வருக்கு, அதன் பொறுப்பாளர் ஆளவந்தார் சார் வைத்ததுதான் சட்டம். யார் ஃபோல்டரிலும் வலைப்பக்கம் இருக்கலாம், புரோகிராம் ஓடக்கூடாது. அவருடையதில் மட்டும் ஒன்று ஓடியது. அவர் பக்கத்தைப் பார்க்க வந்தவர்களை எண்ணுவதுதான் அதற்கு வேலை. எண்ணிக்கை லட்சத்தைத் தாண்டிவிட்டதை ஏறிய மேடையிலெல்லாம் சொல்லுவார்.

விடுதியில் தண்ணீர் வராத நாளில் பெண்கள் புகார் சொல்ல ஒரு புரோகிராம் எழுதியிருந்த மாணவி ஜெசிந்தா, முதல்வர் அறையில் வைத்தே, அதை ஓட்ட அவரிடம் அனுமதி கேட்டாள்.

"ஒருத்தருக்குத் திறந்தா ஊருக்கே திறக்கணும்மா" என்றார் ஆளவந்தார்.

"உங்களுக்குத் திறந்திருக்கே சார்?"

முதல்வர் நிமிர்ந்து பார்த்தார். ஆளவந்தார் விட்டுக்கொடுப்பாரா? "சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான். இதோ, என்னோடதையும் மூடுறேன்."

அங்கிருந்த கணினியிலேயே, தன் ஃபோல்டரில் புரோகிராம் ஓடும் வசதியை மூடினார். ஓட வழியில்லாத புரோகிராமை சர்வர் என்ன செய்யும்? உள்ளே எழுதியிருந்ததை அப்படியே எல்லார் கண்ணுக்கும் காட்டியது. ஜெசிந்தா தன் போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து முதல்வரிடம் நீட்டினாள். ஒருவர் வந்தால் எண்ணிக்கையில் நூறு கூட்டு என்று அதில் இருந்தது.

முதல்வர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார்.

"இப்பவே திறந்துடலாம்" என்றார் ஆளவந்தார்.

"ஊருக்கேவா சார்?" என்றாள் ஜெசிந்தா.