நிழல் எட்டாத நாற்காலி

"என்னை எதுக்கு ஆறாவதா இறக்குறீங்க, கோச்?"

கேட்டது செண்பகவல்லி. எல்லைக்கோட்டுக்கு வெளியே, சாமியானாவுக்கு அடியில், பர்வீன் நாற்காலிகளை வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தாள்.

செண்பகவல்லியைவிட நாலைந்து வயது இளையவள் பர்வீன். முட்டி போனதால் ஆட்டத்தை விட்டுப் பயிற்சியாளர் ஆனவள். அணியில் எல்லாருக்கும் அவள் கோச். அவளுக்கோ செண்பகவல்லி அக்கா.

"போன சீசன் நான்தானே முதல்ல இறங்கினேன். இந்த லீக்ல என் அளவுக்கு யாரும் அடிக்கலை."

"ஆமா. யாரும் அடிக்கலை."

"அதுவும் முதல் சீசன். கோவில்பட்டிக்காரி ஹாக்கி மட்டையைப் போட்டுட்டு கிரிக்கெட்டுக்கு வந்து இந்தப் போடு போடுறாளேன்னு பேப்பர்லயே எழுதினான்."

"போட்டோகூட நல்லா வந்திருந்துச்சு."

"அப்புறம் என் இடத்தைத் தூக்கி மெர்சிக்குக் குடுத்தா என்ன அர்த்தம்?"

பர்வீன் கடைசி நாற்காலியைப் போட்டாள். சாமியானாத் துணி அதுவரை முழுதாக எட்டவில்லை. அதன் இடது பக்கம் வெயிலில் நின்றது.

"இன்னைக்கு இதுல உட்காருங்கக்கா. சொல்றேன்."

செண்பகவல்லி பர்வீனிடம் ஒன்றைச் சொல்லவில்லை. மதுரை அணியின் மேனேஜர் முந்தின நாள் அவளோடு பேசியிருந்தார். அங்கே வந்தால் இந்த சீசன் முழுக்க அவள்தான் முதலில் இறங்குவாள். "நாளைக்கு நாலு மணிக்குக் கூப்பிடுறேம்மா. வர்றேன், வரலைன்னு ஒரு வார்த்தை. எடுக்கலைன்னா வேற ஆளைப் போட்டுருவேன்."

பர்வீன் சரியான காரணம் சொன்னால் இருப்பது, இல்லாவிட்டால் போவது என்று அவள் முடிவு செய்திருந்தாள்.

எதிரணி காலையில் அடித்து முடித்தது. சாப்பாடு ஆயிற்று. மெர்சி கையுறையை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். அமைதியான பெண். போன வருஷம் ஆறாவதாக இறங்கியவள்.

வேகப்பந்து போடும் இசக்கிக்கு வாய் சும்மா இருக்காது. "ஏட்டி மெர்சி, கையை மூடிட்டுப் போ. எடது கை தூத்துக்குடி, வலது கை ஊட்டி. அம்பயர் ரெண்டு ஆளுன்னு நெனைச்சிரப் போறாரு."

எல்லாரும் சிரித்தார்கள். போன வருஷத்துப் பழைய கேலிதான். மெர்சியின் இடது கை மட்டும் கறுத்திருக்கும். இன்னும் முழுதாக மங்கவில்லை. தினமும் பஸ்ஸில் ஜன்னலோரம் வருகிறாள் போல என்று செண்பகவல்லி நினைத்திருந்தாள். போன வருஷம் அந்தக் கேலிக்கு அதிகமாகச் சிரித்தவள் அவள்தான்.

"கோச், சொல்றேன்னீங்களே."

"நீங்க இன்னும் உட்காரவே இல்லையே."

செண்பகவல்லி காலில் பேட் கட்டிக்கொண்டு வெயில் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

ஆரம்பத்தில் இரண்டு பேர் அவுட் ஆனார்கள். மெர்சி நின்றாள். அடுத்து வந்தவளும் அவளோடு நின்றுவிட்டாள். ஒன்று, இரண்டு, நடுவே ஒரு நான்கு. வெயில் மேற்கே இறங்கி, செண்பகவல்லியின் இடது தோளில் வந்து விழுந்தது.

நாற்காலியை நிழலுக்குள் இழுப்பதற்காக அவள் பாதி எழுந்தாள்.

"யக்கா! அசையாதீங்க!"

இசக்கி போட்ட சத்தத்தில் அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"என்னட்டி?"

"ஜோடி நிக்கையில எடம் மாறப்படாது, மாறுனா அவுட்டாயிரும். யாரு எங்க இருக்காங்களோ அங்கயே இருக்கணும். ஒண்ணுக்கு வந்தாலும் அடக்கிட்டு இருக்கணும்."

"எங்கிட்ட யாருமே சொல்லலையே."

"ஒங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க என்னைக்கு இங்க உக்காந்தீங்க? போறது மொத ஆளு, வாறது கடைசி ஆளு."

செண்பகவல்லி வரிசையைத் திரும்பிப் பார்த்தாள்.

ஒருத்தி பக்கத்தில் இருந்தவளுக்குச் சடை பின்னிக்கொண்டிருந்திருக்கிறாள். பாதிச் சடை அவள் கையிலேயே இருந்தது. இன்னொருத்தி உரித்த வாழைப்பழத்தைக் கடிக்காமல் வைத்திருந்தாள். பர்வீன் சாமியானாக் கம்பத்தில் சாய்ந்து, முட்டி போன காலிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

செண்பகவல்லிக்குச் சிரிப்பு வந்தது.

"போன வருஷமும் இப்படித்தானா?"

"போன வருசமா? ஒங்களால எனக்கு நீர்க்கடுப்பே வந்துச்சு. இறங்கினா வெளிய வந்தாத்தான?"

வாழைப்பழக்காரி சிரித்தாள். பழம் அசையவில்லை.

வெயில் தோளிலிருந்து முழங்கைக்கு இறங்கிவிட்டது. இடது கை காந்தியது. வலது கை நிழலில் சில்லென்று இருந்தது.

செண்பகவல்லி தன் இரண்டு கைகளையும் பார்த்தாள். பிறகு ஆடுகளத்தைப் பார்த்தாள். மெர்சி கையுறையைக் கழற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இசக்கி."

"என்னக்கா?"

"போன வருஷம் இந்த நாற்காலியில யாரு இருந்தா?"

"நீங்க மொதல்ல எழுபது அடிச்சீங்கள்ளா, அன்னைக்கு மெர்சி அதுல இருந்தா. அப்புறம் அவளை வேற எங்கயாவது உக்கார விடுவமா? அவளும் கேக்கலை. நீங்க அடிக்கதையே பாத்துட்டு இருப்பா."

ஆடுகளத்தில் பந்து தாழ்ந்து வந்தது. மெர்சி ஒரு முட்டியை ஊன்றி, மட்டையைப் புல்லோடு புல்லாக வீசி வழித்து அடித்தாள். பந்து எல்லைக்கோட்டைத் தாண்டி வந்து சாமியானாக் கம்பத்தில் மோதியது.

ஹாக்கி அடி. கோவில்பட்டி மைதானத்து அடி. அதை யாரும் மெர்சிக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை.

சரியாக நாலு மணிக்குப் போன் அடித்தது.

செண்பகவல்லியின் பை கம்பத்தடியில் இருந்தது. எழுந்து நாலு எட்டு வைத்தால் எடுத்துவிடலாம்.

போன் அடித்துக்கொண்டே இருந்தது. சடையைப் பிடித்திருந்தவள் பையைப் பார்த்தாள். இசக்கி செண்பகவல்லியைப் பார்த்தாள்.

"உங்க போனாக்கா?" என்று கேட்டாள் பர்வீன்.

"ஆமா கோச்."

"முக்கியமான போனா?"

செண்பகவல்லி ஆடுகளத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மெர்சி அடுத்த பந்துக்குக் குனிந்து நின்றிருந்தாள்.

போன் கடைசியாக ஒரு தடவை அடித்து ஓய்ந்தது.

 இசக்கியால் பொறுக்க முடியவில்லை.

"யக்கா, வெயிலைப் பாத்தீங்களா? கை தூத்துக்குடி ஆயிரும்."

"ஆகட்டும்டி" என்றாள் செண்பகவல்லி.