நண்டு சொன்ன ஊற்று

ஒரு காட்டில் வேடிக்கையான சட்டம் ஒன்று இருந்தது, குழந்தைகளே! யார் எந்தச் சேதி கொண்டு வந்தாலும், அதைச் சொன்னவர் பெயரையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பெயர் இல்லாத சேதியை அங்கே யாரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள்.

அந்த ஆண்டு கோடை வாட்டி எடுத்தது. குளம் வற்றிவிட்டது, ஆறு வெறும் மணலாகிவிட்டது. மைனாவின் கூட்டில் இறகு முளைக்காத குஞ்சுகள் தாகத்தில் வாயைப் பிளந்து கிடந்தன. தாய் மைனா தண்ணீர் தேடி அலையாத இடமில்லை.

கடைசியில், ஆற்று மணலில் ஒரு பொந்திலிருந்து நண்டு எட்டிப் பார்த்தது.

"மைனா அக்கா! வளைவில் நிற்கிற நாவல் மரத்தடியில் ஊற்று இருக்கிறது. என் காலெல்லாம் நனைந்துவிட்டது. யாரையாவது தோண்டச் சொல்லுங்கள்!"

மைனாவுக்குத் தலைகால் புரியவில்லை. அடடா, குஞ்சுகள் பிழைத்தன! விருட்டென்று பறந்தது. பாதி வழியில்தான் அந்தப் பொல்லாத யோசனை வந்தது.

'நண்டு சொன்னது என்றால் சிரிப்பார்கள். யானை சொன்னது என்றால் எல்லோரும் ஓடி வருவார்களே!'

மருத மரத்தடியில் விலங்குகள் காட்டைவிட்டே கிளம்பத் தயாராக நின்றன.

"ஊற்று! ஊற்று! ஆற்று வளைவில், நாவல் மரத்தடியில் ஊற்று!" என்று கத்தியது மைனா.

"சொன்னது யார்?" என்று கேட்டது காட்டுப்பன்றி. எதையும் லேசில் நம்பாத பிறவி அது.

"யானையார் சொன்னார்!"

மான்கள் துள்ளின, முயல்கள் குதித்தன. அந்த நேரம் பார்த்து, புதரை விலக்கிக்கொண்டு யானையே வந்து நின்றது.

"நானா? எப்போதம்மா சொன்னேன்? அந்தப் பக்கம் போயே எவ்வளவோ நாளாயிற்றே!"

மைனா கிளைக்குப் பின்னால் ஒளியப் பார்த்தது.

"பெயர் பொய் என்றால் ஊற்றும் பொய்தான். வாருங்கள், போகலாம்!" என்று பன்றி நடையைக் கட்டியது. கூட்டமும் அதன் பின்னால் கிளம்பியது.

மைனா பதறிப்போனது. மணலைத் தோண்ட அதன் அலகுக்கு ஏது வலு? தோண்டக்கூடியவர்களோ போய்க்கொண்டிருந்தார்கள்!

"நில்லுங்கள்! ஊற்று உண்மை, பெயர்தான் பொய்! சொன்னது நண்டு. சின்னப் பிராணி என்று மறைத்துவிட்டேன். ஆற்றைத் தாண்டித்தானே போகிறீர்கள், அதையே கேட்டுப் பாருங்கள்!"

பன்றி உறுமியது. ஆனாலும் ஆற்றில் இறங்கியதும் மைனா காட்டிய பொந்தின் முன் நின்றது.

"நண்டே, ஊற்று இருக்கிறது என்றாயாமே?"

"ஆமாம், ஆமாம்! ஆனால் கரைப்பக்கம் தோண்டாதீர்கள், பாறை இருக்கிறது. ஆற்றுப்பக்கம், வேர் முடிகிற இடத்தில் தோண்டுங்கள். வாருங்கள், காட்டுகிறேன்!"

"ஐயோ, இது எனக்கே தெரியாதே!" என்றது மைனா.

பன்றி முட்டிக் கிளறியது. யானை காலால் மணலைப் பறித்தது. மணல் கறுத்தது, ஈரமானது, குபுகுபுவென்று தண்ணீர் பொங்கியது!

மைனா அலகு நிறைய அள்ளிக்கொண்டு கூட்டுக்குப் பறந்தது. குஞ்சுகள் குடித்த பிறகுதான் அதற்கு மூச்சே வந்தது. அந்த வழியாக வந்த மயில் கீழேயிருந்து கேட்டது:

"தண்ணீர் கிடைத்ததாமே! யார் சொன்னது?"

"நண்டு சொன்னது! ஆற்று மணலில் குடியிருக்கிற நண்டு!" என்று காடு முழுக்கக் கேட்கும்படி கத்தியது மைனா.

நீதி: கேட்டதைச் சொன்னவர் பெயரோடு உள்ளபடி சொல், பெயரை மாற்றினால் மெய்யும் பொய்யாகிவிடும்.