புகைக்குப் பதினோரு காரணங்கள்

மலைமேல் இருந்த அந்த ஆசிரமத்தில் நண்பகல் வரை எல்லோருக்கும் மௌனம். ஒருவருக்கு மட்டும் விலக்கு. அவர் தணிகாசலம். சர்க்கரை ஆலையில் முப்பத்தோரு வருடம் பாய்லர் பார்த்து ஓய்வு பெற்றவர். கூடத்தைச் சூடாக்க விறகு எரிக்கும் இரும்புக் கணப்பு அவர் பொறுப்பு. தீ இருக்கும் இடத்தில் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது என்று வாதாடி வாங்கிய விலக்கு அது.

ஆகவே காலை முழுவதும் அந்த மலையில் ஒரே ஒரு குரல் கேட்டது.

“ஈர விறகை வெச்சது யாரு? கதவைத் திறந்து போட்டது யாரு? சொன்னா கேக்கறதே இல்லையா?”

யாரும் பதில் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது.

தை மாதத்தில் ஒரு நாள், மதியம் இரண்டு மணிக்கு, பத்து நாள் வெளியூர்ப் பயணம் முடிந்து குரு திரும்பி வந்தார். நாற்பத்தாறு வயதுப் பெண்மணி. அவரைவிடப் பதினேழு வயது மூத்த தணிகாசலமும் அவரை அம்மா என்றுதான் அழைப்பார்.

வாசல் பெஞ்சில் சொர்ணத்தம்மாள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூச்சிழுப்புக்காரர். இருபத்தெட்டு வருடமாக அங்கேயே இருப்பவர். காலடியில் அவருடைய தகரப் பெட்டி இருந்தது.

“எங்க கிளம்பிட்டீங்க அக்கா?” என்றார் குரு.

“நான் கிளம்பல. கிளப்பறாங்க.” இருமல் அடங்கக் காத்திருந்து சொன்னார். “நேத்து டாக்டர் வந்தார். நான் படுத்திருக்கற கூடம் சூடாவும் இருக்கணுமாம், புகையும் இருக்கக் கூடாதாம். இல்லேன்னா மலையை விட்டு இறங்கி, தங்கச்சி மகன் வீட்டுக்குப் போயிடணுமாம். மூணு மணிக்கு ஜீப்.”

“போக இஷ்டமா?”

“அங்க விடிஞ்சதுலேர்ந்து டிவி ஓடும்” என்றார் சொர்ணத்தம்மாள். பிறகு எதிர் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கூடத்தின் கதவு திறந்தது. ஒரு பந்து புகையும் அதன் பின்னால் தணிகாசலமும் வெளியே வந்தார்கள். அவர் சட்டென்று கதவை இழுத்துச் சாத்தினார். கண்கள் சிவந்து நீர் வழிந்தது.

“வாங்கம்மா. என்னால ஆகாது. மூணு மாடி உயரத்துப் பாய்லரைக் கட்டி மேய்ச்சவன் நான். ஒண்ணரை முழக் கணப்பு என்னை முட்டாளாக்குது.”

“என்ன செய்யுது?”

“என்ன செய்யலேன்னு கேளுங்க!” சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தார். “புகைக்குக் காரணம் பதினொண்ணு எழுதி வெச்சிருக்கேன். பதினொண்ணையும் சரி பண்ணிட்டேன்.”

“வாசிங்க.”

“முதல்ல ஈர விறகு. ரெண்டு கட்டையைத் தட்டினா கணீர்னு கேக்கணும். தொப்புனு கேட்டா உள்ளே ஈரம். நானே தட்டித் தட்டிப் பிரிச்சு அடுக்கினேன். மறுநாள் புகை இல்ல. அதுக்கு மறுநாள் புகை. அப்புறம் குழாய். உள்ளே விரல் கனத்துக்குக் கரி அப்பியிருந்தது. கழற்றி, சங்கிலி விட்டு உலுக்கி எடுத்தேன். மறுநாள் புகை இல்ல. அதுக்கு மறுநாள்…”

“புகை” என்றார் பெஞ்சிலிருந்து சொர்ணத்தம்மாள்.

“கொஞ்சம் இருங்க, சொல்லிட்டிருக்கேன். கணப்புக் கதவைச் சுத்தி இடுக்கை அடைக்கற கயிறு நைஞ்சு போச்சு. மாத்தினேன். சாம்பல் தட்டு நிரம்பினா அடியில காத்து ஏறாது. தினம் கொட்டறேன். குளிர்ந்த குழாய்ல புகை மேலே போகாது. அதனால முதல்ல காகிதத்தைக் கொளுத்திக் குழாயைச் சூடாக்கிட்டுத்தான் விறகே வெக்கிறேன். இன்னும் வாசிக்கவா?”

“எல்லாம் சரியாத்தான் இருக்கா?”

“எல்லாம் சரி. அதுதானே எரிச்சல்!”

“வேற ஒண்ணும் இல்லையா?”

“இருக்கு. மனுஷங்க.” அவர் நோட்டை மூடினார். “கூடத்துச் சுவர்ல, தரையை ஒட்டி ஒரு எலிப்பொந்து. இவங்க கட்டில் பக்கம். ஊசி மாதிரி காத்து வருது. கோணியைத் திணிச்சு அடைச்சேன். மறுநாள் காலையில கோணி தரையில கிடக்கு. திரும்பத் திணிச்சேன். திரும்பக் கிடக்கு. இது யார் பண்ற வேலைன்னு கேட்டா ஒருத்தரும் வாயைத் திறக்கல.”

“எப்ப கேட்டீங்க?”

“காலையிலதான்.”

குரு தலையசைத்தார்.

“முந்தாநாள் சிமெண்டு வெச்சுப் பூசிட்டேன். இப்ப எடுக்கட்டும் பார்ப்போம். ஆனா அன்னிலேர்ந்து குழாய்ல ஏதோ புதுசா கோளாறு. புகை கூடத்தை விட்டுப் போகவே மாட்டேங்குது.” அவர் குரல் தழைந்தது. “மூணு மணிக்கு ஜீப் வந்துடும். இவங்க இறங்கிப் போனா அது என்னாலதான். நான் எதைத் திருத்தறது, கணப்பையா, இந்த ஜனங்களையா? நீங்களே சொல்லுங்க.”

குரு பூஜை அறைக்குப் போனார். ஓர் ஊதுபத்தியைக் கொளுத்திக்கொண்டு திரும்பி வந்து, சாத்தியிருந்த கூடத்துக் கதவின் முன் நின்றார். வெளியே காற்றே இல்லை. ஊதுபத்திப் புகை நூல்போல நேராக எழுந்தது.

அதைச் சாவித் துவாரத்தின் அருகே கொண்டுபோனார். நூல் வளைந்து துவாரத்துக்குள் விருட்டென்று நுழைந்தது. குனிந்து, கதவின் அடி இடுக்கில் காட்டினார். அங்கேயும் உள்ளே போயிற்று.

தணிகாசலம் பார்த்துக்கொண்டே நின்றார். ஆலையில் புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அவர் முதல் நாள் காட்டும் பாடம் அது. பாய்லர் கதவருகே பந்தத்தைப் பிடித்து, உள்ளே எரியும் தீ காற்றை எப்படி இழுக்கிறது பாருங்கள் என்பார்.

அவர் உளியையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

சிமெண்டு உடையும் சத்தம் கேட்டது. சிறிது நேரம் கழித்து, கூரைமேல் குழாயிலிருந்து புகை திக்கித் திக்கி வந்து, பிறகு மெலிந்து, நீலமாக நேரே ஏறியது. உள்ளே தீ உறுமத் தொடங்கிற்று.

தணிகாசலம் வாசலுக்கு வந்தார். தலையெல்லாம் சிமெண்டுத் தூள்.

“பொந்து இல்ல. கட்டினவன் விட்ட துளை. ஓரமெல்லாம் கொத்தனார் பூசி வெச்சிருக்கான். கணப்புக்குக் காத்து வர்ற வழி. கோணி கீழே கிடந்த நாள்லதான் புகை இல்ல.” பெஞ்சின் பக்கம் திரும்பினார். “கோணியை எடுத்தது யாரு?”

சொர்ணத்தம்மாள் கைத்தடியைக் கொஞ்சம் உயர்த்திக் காட்டினார். “படுத்த வாக்குலயே எட்டும்.”

“உங்க கால்லதானே அந்தக் காத்து அடிக்கும்!”

“அடிச்சுது. புகைக்கு அது தேவலை.”

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!”

“மூணு தரம் சொன்னேன் தம்பி. மௌனம் முடிஞ்சப்புறம், மத்தியானத்துல. முதல் தரம் நீங்க விறகைப் பத்திப் பேசிட்டிருந்தீங்க. ரெண்டாம் தரம் குழாயைப் பத்தி.” மூச்சு வாங்கிக்கொண்டார். “மூணாந்தரம், கோணியை எடுத்தவனோட வளர்ப்பைப் பத்தி.”

ஜீப் வந்து நின்றது. டிரைவர் தகரப் பெட்டியைத் தூக்கினார்.

“அதைக் கூடத்துல வெச்சிடுங்க” என்றார் குரு. “ரெண்டு நாள் பார்த்துட்டுச் சொல்றோம்னு டாக்டர்கிட்ட சொல்லுங்க.”

“இதுக்கா என்னை முப்பத்திரண்டு வளைவு ஏற வெச்சீங்க?” என்று முணுமுணுத்துக்கொண்டே டிரைவர் பெட்டியை உள்ளே கொண்டுபோனார்.

கூடத்தில் புகை இல்லை. துளைக்கு நேராகச் சொர்ணத்தம்மாளின் கட்டில் கிடந்தது. கணப்பை ஒட்டிய கதகதப்பான மூலையில், தணிகாசலம் நாள் முழுவதும் உட்காரும் நாற்காலி. குரு கட்டிலின் ஒரு முனையைப் பிடித்தார். தணிகாசலம் மறுமுனையைப் பிடித்தார். நாற்காலியை நகர்த்திவிட்டு அந்த இடத்தில் கட்டிலைப் போட்டார்கள். சொர்ணத்தம்மாள் படுத்துக்கொண்டார்.

தணிகாசலம் நாற்காலியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

“இதை எங்கம்மா போடறது?”

குரு துளையின் எதிரே காட்டினார்.

அவர் போட்டு உட்கார்ந்தார். கணுக்காலில் காற்று பட்டதும் கால்களை மடக்கிக்கொண்டார்.

“இங்க குளிருமே அம்மா.”

“குளிரும். எப்படிப் போர்த்திக்கணும்னு அக்கா சொல்வாங்க. நடுவுல பேசாம கேளுங்க.”