மூக்கால் குடித்த சோடா

மில் முதலாளி பொன்னுரங்கம் இருக்காரே, வேகம் கூடணும்னு கார் இஞ்சினுக்குக் காத்து இழுக்கிற குழாயை மாத்தி, பம்பருக்குக் கீழே தொங்கவிட்டிருந்தார். அன்றைக்குப் பேய்மழை. ரயில்வே சுரங்கப்பாதையில் முழங்கால் தண்ணீர். டிரைவர் தவசி வண்டியை நிறுத்திவிட்டான்.

"விடுடா உள்ளே! பயந்தா சாவியைக் கொடுத்துட்டு வீட்டுக்குப் போ, வேற ஆள் பார்த்துக்கிறேன்" என்றார், கையிலிருந்த சோடாவை உறிஞ்சிக்கொண்டே.

"விடறேன் முதலாளி. நீங்க மாட்டின குழாய்தான் வண்டிக்கு மூக்கு. அந்த சோடாவை மூக்கால ஒரு இழு இழுங்க. உங்க மூக்கு தாங்கினா அதுவும் தாங்கும்."

"எனக்கென்னடா!" என்று வீறாப்பாக இழுத்தார். புரையேறி, கண் பிதுங்க இருமித் தீர்த்தார்.

தவசி துண்டை நீட்டினான். "உங்களுக்கு இருமத் தெரியுது, பிழைச்சீங்க. இஞ்சினுக்கு இருமத் தெரியாதே முதலாளி."

மூச்சு வந்ததும் அவர் முதலில் சொன்னது: "மேம்பாலம் வழியா சுத்திப் போடா."

சாவி தவசி கையிலேயே இருந்தது. இஞ்சினும் ஒரு சொட்டுத் தண்ணி குடிக்காமல் வீடு வந்து சேர்ந்தது.