தீராத தேன்கிண்ணம்

முன்னொரு காலத்துல, சரியாச் சொன்னா போன தை மாசம், மருதங்காட்டை வல்லபராயன்னு ஒரு ராஜா ஆண்டுக்கிட்டிருந்தார். இப்பவும் அவர்தான். நல்லவர். ஆனா காலையில ஒரு புத்தி, சாயங்காலம் ஒரு புத்தி. அவர் சபையில பொறாமை பிடிச்ச புலவன் ஒருத்தன் இருந்தான். பேரு அம்பலவாணன். வேற யாருமில்லை, நான்தான்.

ராஜா பிறந்தநாளுக்கு ஒரு வழக்கம் உண்டு. அந்த வருஷம் தலைநகரத்துல பிறந்த குழந்தைங்களையெல்லாம் சபைக்குத் தூக்கிட்டு வருவாங்க. ராஜா தன் கையாலேயே நாக்குல தேன் தொட்டு வைப்பார். முன்னெல்லாம் ஒரு குடம் தேன் பத்தாது. அன்னிக்கு வந்தது ஏழே குழந்தைங்க. கிண்ணத் தேன்கூடத் தீரலை.

"என்னய்யா இது!"ன்னு ராஜா கத்தினார். "நாளைக்கு இந்த நாட்டுல யார் உழுவா? யார் நெய்வா? எனக்கு யார் குடை பிடிப்பா?"

எனக்கு மந்திரி திருமேனியாரைக் கண்டாலே ஆகாது. அவர் தும்மினாக்கூட ராஜா ரசிப்பார், நான் பாடினா கொட்டாவி விடுவார். இதான் சமயம்னு எழுந்தேன்.

"மகாராஜா, எல்லாம் மந்திரி திறந்த பெண்கள் பள்ளிக்கூடத்தால வந்தது. படிச்ச பொண்ணுங்க ஒண்ணு பெத்ததும் போதும்கறாங்க. பள்ளிக்கூடத்தை இழுத்து மூடுங்க!"

என் மக நீலாயி படிக்கிறதும் அதே பள்ளிக்கூடம்தான். அது எனக்கு அப்போ ஞாபகமே வரலை. அவ்வளவு அறிவு எனக்கு.

"மூடிடலாம். எழுதும் ஓய் ஆணையை!"ன்னார் ராஜா.

மந்திரி மெதுவா, "பெத்தவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு மூடலாமே, மகாராஜா. புலவர் வீட்டம்மாவையே கூப்பிடுவோம். அவங்களுக்கும் ஒண்ணுதானே?"ன்னார்.

என் பெண்டாட்டி தையல்நாயகி தறியை விட்டுட்டு வந்தா. விஷயத்தைக் கேட்டதும் என்னை ஒரு பார்வை பார்த்தா பாருங்க, அந்தப் பார்வை என் எதிரிக்கும் வேண்டாம்.

"வாயால சொன்னாப் புரியாது, மகாராஜா. அந்த ஏழு தாய்மாரும் கொஞ்ச நேரம் உட்காரட்டும். நீங்களும் சபையில இன்னும் ஆறு பேரும் ஆளுக்கொரு பிள்ளையைத் தூக்கிக்குங்க. கீழே விடக் கூடாது. சபை எப்பவும்போல நடக்கட்டும்."

"பூ, இவ்வளவுதானா!"ன்னு ராஜா கையை நீட்டினார்.

அடேயப்பா! ராஜா மீசை ஒரு பொடிசு கையில மாட்டிக்கிச்சு. யானையை அடக்கின சேனாபதி, கையிலிருந்தது வீல்னு அழ ஆரம்பிச்சதும் தானும் அழுதுடுவார்போல நின்னார். நானோ ஒரு கையில பிள்ளை, ஒரு கையில ஓலைன்னு எழுத்தாணிக்கு மூணாவது கையைத் தேடினேன். பிள்ளை நேரா ஓலைமேலயே ஒண்ணுக்குப் போயிடுச்சு. என் எழுத்தைப் பத்தி அவ்வளவு வெளிப்படையா யாரும் கருத்து சொன்னதில்லை.

அரை நாழிகை ஆகலை. "தாயே, வந்து வாங்கிக்கம்மா!"ன்னு ஏழு பேரும் கதறிட்டோம்.

"ஒரு வேலையும் நடக்கலையே!"ன்னார் ராஜா.

"நாங்க அதோடதான் தறியும் நெய்யறோம், அடுப்பும் பார்க்கறோம்"ன்னா தையல்நாயகி. என்னைக் காட்டி, "பிள்ளை அழுதா இவருக்குப் பாட்டு வராதாம், கோயில் மண்டபத்துக்குப் போயிடுவாரு. நீலாயிக்கு எட்டு வயசு. இவரு பிள்ளை தூக்கி நான் இன்னிக்குத்தான் பார்க்கறேன், அதுவும் ஊரார் பிள்ளை. எனக்கும் இன்னொண்ணு வேணும்னு ஆசையாத்தான் இருந்துச்சு, மகாராஜா. ஒத்தையா முடியலை. பள்ளிக்கூடம் என்ன பண்ணும்?"

எனக்கு மூஞ்சியை எங்கே வெச்சுக்கறதுன்னு தெரியலை.

ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி அவ கையில கொடுத்தார். பள்ளிக்கூடத்தை மூட வேண்டாம்னுட்டார். தறிக்கூடம், களத்துமேடு எல்லா இடத்துலயும் தொட்டில் கட்டணும், ஆம்பளைங்க முறை வெச்சு ஆட்டணும்னு உத்தரவு போட்டார். "முதல் முறை புலவருக்கு. ஒரு வருஷம்!"

அப்புறம் அவளைப் பார்த்து, "இப்பவாவது இன்னொண்ணு பெத்துப்பியாம்மா?"ன்னு கேட்டார்.

"இவரு தொட்டில் ஆட்டறதைப் பார்த்துட்டுச் சொல்றேன், மகாராஜா."

ஐப்பசி பிறந்தாச்சு. ஆட்டிக்கிட்டேதான் இந்தக் கதையைச் சொல்றேன். அவ இன்னும் பார்த்துக்கிட்டேதான் இருக்கா.