மணலுக்கு மணல் காவல்

நாகூருக்குத் தெற்கே ஓர் எண்ணெய்க் கிணறு. எண்ணெயோடு மணலும் ஏறிவந்து பம்பை அரித்தது. தலைமைப் பொறியாளர் தனக்கோடி மிக நுண்ணிய சல்லடையை இறக்கிவைத்தார். சீக்கிரமே தூள்மணல் அதன் கண்களை அடைத்துக்கொள்ள, எண்ணெயும் நின்றுபோனது.

புதிதாகச் சேர்ந்த பொறியாளர் ஜுலைகாவைக் கூப்பிட்டார்.

"மணலும் வரக்கூடாது, சல்லடையும் அடைக்கக்கூடாது. முடியலேன்னா கிணற்றை மூடிட்டு உன்னையும் வீட்டுக்கு அனுப்பிடுவேன்."

"அப்போ காவலுக்கு ஆள் வேணும் சார்."

"யாரு?"

"மணல்தான்."

தனக்கோடி வயிறு குலுங்கச் சிரித்தார்.

ஜுலைகா சற்றே பெரிய கண்ணுள்ள சல்லடையை இறக்கி, சுற்றிலும் அந்தக் கண்ணில் நுழையாத பருமணலைக் கொட்டி நிரப்பினாள். பம்பை மெதுவாக ஓட்டினாள். முதலில் கலங்கலாக வந்தது. போகப்போக, தூள்மணல் பருமணலுக்கு அப்பால் தங்கிவிட, இடுக்குகள் வழியே எண்ணெய் மட்டும் தெளிந்து வந்தது.

சேதி கேட்டு மேலிடத்து அதிகாரிகள் வந்தார்கள். தனக்கோடி முந்திக்கொண்டார்.

"எல்லாம் என் யோசனைதான். அடுத்த கிணற்றில் பருமணலுக்குப் பதில் தூள்மணலே கொட்டப்போறேன். இன்னும் நல்லாத் தடுக்கும்!"

ஜுலைகா பணிவாகச் சொன்னாள்:

"அப்படியே ஒரு பூட்டும் வாங்கிடலாம் சார். அந்தக் கிணற்றை உடனே மூடிப் பூட்டத் தேவைப்படும்."

அதிகாரிகள் தனக்கோடியை விட்டுவிட்டு, ஜுலைகா பக்கம் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள்.